தூரமா என்று கேட்கிற ஊர்

எங்கள் கூனித்தீவில் லைட்டவுசுக்குப் போகிற வழி ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஜனங்கள் மீன் வாங்கக் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், நீள ஆரம்பித்தது. முதல் நாள் யாருக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் அன்று அந்த வழியில் போனவள் தெக்லா ஒருத்திதான், அவளும் பாதியில் திரும்பி வந்து, வெயில் அதிகம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு உலையை வைத்துவிட்டாள்.

தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கூனி இறால் எப்படி வளைந்து கிடக்குமோ அப்படி வளைந்து கிடக்கிற தீவு. தலைப் பக்கம் ஊர், கோயில், நைனா முகம்மதுவின் டீக்கடை. வால் முனையில் லைட்டவுசு. வளைவுக்குள் கடல் குளம் போல நிற்கும். எங்கள் ஊரில் எந்த வாசலில் நின்று பார்த்தாலும் லைட்டவுசு எதிர்வீட்டு ஆளாக நேர் எதிரே நிற்கும், அங்கே கொடியில் காய்கிற சட்டை என்ன நிறம் என்றுகூடச் சொல்லிவிடலாம், ஆனால் போய்ச் சேர வேண்டுமென்றால் வளைவைச் சுற்றி, தாழம்புதரும் உடைமரமும் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய நல்ல ஒரு நடை நடக்க வேண்டும். வள்ளத்தில் போகலாமே என்று கேட்பீர்கள். வால் முனையைச் சுற்றித் தண்ணீருக்கு அடியில் பாறை ஒளிந்திருக்கிறது, எங்கள் வள்ளம் ஒன்றுகூட அங்கே அடிப்பலகை உடையாமல் திரும்பியதில்லை. பங்குனியில் கடல் அடங்கிப் படுத்திருக்கும்போது மட்டும் கலங்கரை விளக்க இலாகாவின் லாஞ்சு வெளிப்பக்கமாக வந்து, லைட்டவுசுக்கு வேண்டியதை இறக்கிவிட்டு, பின்னேரத்துக்குள் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து நாங்கள் ‘எங்க போற’ என்று கேட்க மாட்டோம். தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் இது உண்டு, போகிற காரியம் விளங்காது என்பார்கள். ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் ஊரில் இது பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. ‘தூரமா?’ என்றுதான் கேட்போம். ‘ஆமா, கொஞ்சம் தூரம்’ என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. ‘பக்கந்தான்’ என்று சொன்னால் கிணற்றுக்கா கடைக்கா கோயிலுக்கா என்பதையும் சொன்னவரே சொல்லிவிட வேண்டும். அதனால் பக்கத்தில் போகிறவர்களுக்குத்தான் எங்கள் ஊரில் ரகசியம் கிடையாது.

தெக்லாவின் புருஷன் ரெமி கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பிள்ளை இல்லை. அவன் அம்மா இன்னாசியம்மாளும் தெக்லாவும் ஒரே வீட்டில், ஒருத்தி சமைக்க ஒருத்தி கூனி உலர்த்த, ஒருத்தி இருமினால் ஒருத்தி விழித்துக்கொள்ள என்று இருந்தார்கள். லைட்டவுசில் விளக்கேற்ற வந்த தார்சியூஸ் மணப்பாட்டுப் பக்கத்து ஆள், நாற்பத்தைந்து தாண்டியவர், கல்யாணம் கட்டாதவர், அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு நாள் பேசியதை மறுநாள் எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அந்த மனிதர், லைட்டவுசுப் பக்கம் உடைமுள் வெட்டப் போயிருந்த தெக்லாவிடம், முள்ளுக்கட்டை அவள் தலையில் தூக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:

“எனக்குச் சமைக்கத் தெரியும். குடிக்க மாட்டேன். ஒங்களுக்குச் சம்மதம்னா இங்க வந்து சொல்லுங்க. இல்லன்னா வர வேண்டாம், நான் புரிஞ்சுக்கிடுவேன்.”

அவளுக்குச் சம்மதம். கட்டோடு வீடு வந்து சேர்வதற்குள்ளேயே சம்மதம். ஆனால் தலையில் பாரத்தை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று நினைத்தாள், ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்து, முகம் பார்த்து, சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது.

அன்று அவள் வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலை உடுத்தி, தலையை இரண்டு தரம் வாரிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் யாரைப் பார்க்கப் போகிறாள் என்பது தெருவில் இருந்த கோழிக்குக்கூடத் தெரியும், ஏனென்றால் கட்டைத் தூக்கிவிட்டவர் அவள் போன பிறகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றதை எதிர்க்கரையிலிருந்து ஊரே பார்த்திருந்தது. தெரிந்ததைத் தெரியாததுபோல இருப்பதுதான் நாங்கள் அவளுக்குச் செய்யக்கூடிய மரியாதை. அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொருவரும், அவளுக்குக் கூச்சம் வரக் கூடாதே என்ற நல்லெண்ணத்தோடு, “தூரமா?” என்று கேட்டோம். மாமியாருக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் அவள் எல்லா வாசலிலும், “ஆமா, கொஞ்சம் தூரம்,” “ஆமா, தூரந்தான்,” “ரொம்ப தூரம்” என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொல்லச் சொல்ல அங்கே வழி நீண்டுகொண்டிருந்தது.

இரண்டாம் ஞாயிறும் அவளால் போய்ச் சேர முடியவில்லை. தாழம்புதர் முடிகிற இடத்தில் இன்னொரு தாழம்புதர் இருந்தது. மூன்றாம் ஞாயிறு, அதுவரை எந்தக் காலும் படாத ஒரு வெள்ளை மணற்கரை இருந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களும் பார்த்தோம். ஆடு தேடிப் போனவன் ஒரு நல்ல தண்ணீர் ஊற்றைப் பார்த்துவிட்டு வந்தான். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்பது மழைக்காலத்து விருந்தாளி. விறகுக்குப் போன பெண்கள் ஒரு பனங்காட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆவணி மாதம், பொட்டலும் மணலும் தவிர வேறெதுவும் அறியாத எங்கள் தீவில், வழிக்குக் குறுக்கே ஒரு குன்று வந்து உட்கார்ந்திருந்தது, உச்சியில் நாவல் மரம் வேறு.

வேடிக்கை என்னவென்றால், போகத்தான் வழி நீளம், வரும்போது பழைய வழிதான். காலையிலிருந்து நடந்து, குன்றேறி இறங்கி, பனங்காட்டைத் தாண்டி, காலோய்ந்து போய்த் திரும்பினால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கோயில் மணிக்கூண்டு வந்துவிடும். லைட்டவுசு மேலிருந்து பார்க்கிறவருக்கும் குன்று கிடையாது, பனங்காடு கிடையாது. பழைய மணல் வழிதான், அதில் ஆள் இல்லை.

கரையிலிருந்து ஒரு அளவைக்காரர் வந்தார். பங்குனி லாஞ்சில் வந்து லைட்டவுசில் இறங்கி, அங்கிருந்து சங்கிலி பிடித்து அளந்துகொண்டே ஊருக்கு வந்து, வரைபடத்தில் இருப்பதற்கு ஒரு முழம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று சொன்னார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, மீன்காரப் படகில் ஏற்றி அனுப்பிவைத்தோம். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டபோது அவர் வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டு, “விசுவாசம் இருந்தா மலைய நகத்தலாம்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. மலை தானா வந்தா என்ன செய்யணும்னு சொல்லலியே,” என்றார். பிறகு நாவல் பழம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

வந்ததை வைத்துக்கொள்வதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது. ஊற்றைச் சுற்றிக் கத்தரியும் மிளகாயும் போட்டோம், பனைக்கு ஆள் விட்டோம், வெள்ளை மணலில் கூனி காயப்போட்டோம். அது ஒரே பகலில் காய்ந்தது. நைனா முகம்மது குன்றின் அடிவாரத்தில் இரண்டாவது டீக்கடை போட்டு, ஊர்க் கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு, “போற ஜனம் களைச்சுப்போகுதுல்லா” என்று காரணம் சொன்னார். ஆடுகள் காலையில் போய் நாளெல்லாம் மேய்ந்து, நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வந்தன. சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் பனங்காட்டில் ஆளுக்கொரு மூலையில் குடிசை போட்டு, பார்க்காமலே இருக்க இடம் கிடைத்த நிம்மதியில் சமாதானமாகிவிட்டார்கள். ஒரு கஷ்டம் மட்டும்: லைட்டவுசுக்கு அரிசி, மண்ணெண்ணெய் போய்ச் சேர வேண்டும். தார்சியூஸ் இறங்கி வருவது சுலபம், ஆனால் வந்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போய் விளக்கேற்ற முடியாது, கடலில் இருக்கிற அத்தனை உயிரும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் கரை திரும்ப வேண்டும். அதனால் அவர் இறங்கவே இல்லை. வழி நெடுகக் குடிசை போட்டவர்கள் அரிசி மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அது அவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

தெக்லா விடவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள். கையில் செருப்பும் மடியில் பொரிகடலையுமாக, குன்றின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, பனங்காட்டின் சலசலப்பைக் கேட்டுக்கொண்டு, நேர் எதிரே தெரிகிற லைட்டவுசை நோக்கி நடந்தாள், ஆடு ஓட்டுகிறவன் “தூரமா மைனி?” என்பான், பதநீர் இறக்குகிறவன் மரத்து மேலேயிருந்து “தூரமாம்மா?” என்பான், நைனா முகம்மது டம்ளரை நீட்டிக்கொண்டே “தூரமா புள்ள?” என்பார். எல்லோருக்கும் அவள் ஆமாம் சொன்னாள். பொழுது சாயத் தொடங்கியதும் திரும்பினாள், ஏனென்றால் மாமியாரை ராத்திரி தனியாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. குடிசையில் தங்கி மறுநாள் நடக்கலாம்தான். பிள்ளையைப் பறிகொடுத்த கிழவி இருட்டில் எழுந்து மருமகளைத் தேடுவாளே என்று நினைத்தால் அவள் கால் தானாகத் திரும்பிவிடும். தன் வாய்தான் வழியை நீட்டுகிறது என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் பக்கந்தான் என்று சொன்னால் எங்கே என்று சொல்ல வேண்டும். மகன் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார் என்று அந்தத் தாய்க்குத் தெருவிலிருந்து செய்தி போக வேண்டுமா? அதை நினைத்து அவள் பல ஞாயிற்றுக்கிழமை நாவல் மரத்தடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

ஒரு தரம் துணிந்து, அரிசி மூட்டையோடு ஒரு வார்த்தையும் அனுப்பிப் பார்த்தாள். “நான் வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லச் சொல்லுங்கண்ணே” என்று நைனா முகம்மதுவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவர் அதைப் பத்திரமாக அடுத்த குடிசையில் சொன்னார், அவன் அடுத்தவனிடம் சொன்னான், வாய் மாறி வாய் மாறி, மூன்றாம் நாள் மூட்டையை இறக்கியவன் தார்சியூஸிடம், “நண்டு வந்துக்கிட்டிருக்காம்” என்று சொல்லிவிட்டு வந்தான். பாவம் அந்த மனிதர், மிளகை இடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் நண்டுக்காகக் காத்திருந்தார். தெக்லா வாராவாரம் நடக்கிறாள் என்பதை ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை. அவள் எங்கே போகிறாள் என்பதை நாங்கள் எப்படிச் சொல்வது? அவள்தான் தூரம் என்று சொல்லிவிட்டாளே.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. வரவில்லையென்றால் புரிந்துகொள்வேன் என்று சொன்னவர் புரிந்துகொண்டார். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டார், கிடைத்தது. கேட்டு வாங்கிய மாற்றல், லாஞ்சில் கால் வைக்கும்வரை வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எதற்காகச் சொல்ல? பங்குனி மாதத்து ஒரு காலையில், வால் முனைக்கு வெளியே லாஞ்சு வந்து நின்றதை ஊரே வாசலில் நின்று பார்த்தது. கொடியிலிருந்து அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பதும் தெரிந்தது.

தெக்லா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவிழ்ந்த கொண்டையைக்கூட முடியவில்லை, கட்டியிருந்த பழஞ்சேலையோடு படியில் இறங்கினாள். லாஞ்சு பின்னேரம் போய்விடும். வழியோ அப்போது மூன்று நாள் வழி. போய்ச் சேர மாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்கள் வாய் பழக்கதோஷத்தில் ‘தூரமா’ என்று கேட்பதற்குத் திறந்தது.

அதற்குள் அவளுக்குப் பின்னால், கூனி முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள் கேட்டாள்:

“ஏட்டி தெக்லா, எங்க போற?”

கடையில் நைனா முகம்மதுவின் பெண்டாட்டி டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினாள். எங்கள் ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி என்பது மட்டுமில்லை. ரெமி கடைசியாகக் கடலுக்குப் போன அன்று, தூக்கக் கலக்கத்தில் வாய் தவறி அவனிடம் அதைக் கேட்டவள் இவள்தான். அன்றிலிருந்து ‘எங்க’ என்ற சொல்லையே அவள் தன் வாயில் சேர்க்கவில்லை. ஊசி தொலைந்தால்கூட, “ஊசி இருக்கா?” என்றுதான் கேட்பாள்.

தெக்லா திரும்பினாள். “கொஞ்சம் தூ—”

“தூரங் கீரம்னு சொல்லாத. எங்கன்னு கேட்டேன்.”

கிழவி முறத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்ததில் பாதிக் கூனி தரையில் சிந்தியது. தெக்லா அதைப் பார்த்தாள். தன் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த வாசலில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டாள்.

“லைட்டவுசுக்கு மாமி.”

“என்னத்துக்கு?”

“அவரப் பாக்க.”

“பாத்து?”

“சம்மதம்னு சொல்ல.” சொல்லிவிட்டு அவள் நடுத்தெருவில் நின்று, முகத்தை மூடாமல், சின்னப் பிள்ளையாக அழுதாள். “ஒங்கள விட்டுட்டுப் போகணும்னு இல்ல மாமி. ரெமிய மறந்துட்டும் இல்ல.”

“மறக்கச் சொன்னது யாரு?” என்றாள் இன்னாசியம்மாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. “எம்மவங்கிட்ட நான் கேட்டேன், அவன் பதில் சொல்லாம போயிட்டான். நீ பதில் சொல்லிட்டல்லா, ஒனக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருசமா நீ கால் கடுக்க நடந்துட்டு வந்து, வெயிலு வெயிலுன்னு எங்கிட்ட பொய் சொல்லும்போது, கேட்டுறலாமா கேட்டுறலாமான்னு எனக்கு நாக்கு வரைக்கும் வரும். கேட்டா ஒன்னையும் கடல் கொண்டு போயிருமோன்னு முழுங்கிருவேன். இன்னைக்குக் கேக்காட்டா நீ உசுரோட இருந்தே எனக்கு இல்லாமப் போயிருவ.” மூக்கைச் சிந்தினாள். “அந்தா நிக்குது லைட்டவுசு. பக்கந்தான். போ. நான் இந்தக் கூனிய அள்ளி வச்சுட்டு மெதுவா வாரேன். சமைக்கத் தெரியும்னாராமே, எனக்கு உப்புக் கம்மியாப் போடச் சொல்லு.”

அவர் சொன்னது இவளுக்கு எப்படித் தெரியும் என்று தெக்லா கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். முதல் வாசலில் இருந்தவர்கள் எங்கள் பழக்கத்தை விட முடியாமல், அழுதுகொண்டே, “தூரமா?” என்று கேட்டோம். “இல்ல,” என்றாள் சத்தமாக, “பக்கந்தான். லைட்டவுசுக்கு. தார்சியூசப் பாக்கப் போறேன்.” அடுத்த வாசலிலும் சொன்னாள், அதற்கடுத்த வாசலிலும் சொன்னாள்.

அவள் சொல்லச் சொல்ல, காயப்போட்ட பாயைச் சுருட்டுவதுபோல வழி சுருண்டது. வெள்ளை மணற்கரை மடிந்தது, ஊற்று மூடிக்கொண்டது, பனங்காடு ஓலைச் சத்தம் கேட்காமல் ஒதுங்கியது, குன்று நாவல் மரத்தோடு குனிந்து தரையோடு தரையானது. அடிவாரத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நைனா முகம்மது, ஆற்றி முடித்துப் பார்த்தபோது அடுப்பு, பெஞ்சு, பாய்லர் எல்லாவற்றோடும் கோயில் மதிலோரம், தன் பழைய கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். தெருவெல்லாம் ஆடுகள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடிக்க நின்று, சண்டையைத் தொடரலாமா வேண்டாமா என்று யோசித்தார்கள். கத்தரித் தோட்டம் போயிற்று, விறகு போயிற்று, நாவல் பழம் போயிற்று. ஒருத்தராவது வாயைத் திறந்து ஐயோ என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லவில்லை. எங்கள் கண்ணெல்லாம் எதிர்க்கரையில் இருந்தது. அங்கே அந்தப் பழஞ்சேலை தாழம்புதரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இனி நடந்தது தெக்லாவே பிற்பாடு எங்களுக்குச் சொன்னது.

கதவு திறந்திருந்தது. டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, தார்சியூஸ் ஒரு கன்னம் சவரம் பண்ணி, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு, கையில் கண்ணாடியோடு வாசலுக்கு வந்தார். அங்கே தெக்லா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். வழி மூன்று நாள் வழி என்று மூட்டை கொண்டுவருகிறவர்கள் சொல்லக் கேட்டிருந்தார். ஆள் வருகிற தடமே இல்லாமல் அவள் முன்னால் நிற்கிறாள். நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பேசிப் பழக்கமில்லாத மனிதர், முதலில் வாயில் வந்ததைச் சொன்னார்.

“என்ன, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?”

தெக்லா படியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, பாதத்தில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டாள்.

“சீக்கிரமா? நான் வீட்டவிட்டுக் கெளம்பி ரெண்டு வருசமாச்சு,” என்றாள்.

கீழே லாஞ்சுக்காரன் ஊதினான். பிறகும் ஊதினான். தார்சியூஸ் திரும்பிப் பார்க்காமல், நுரைக் கன்னத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.